பனிக்கட்டிக்குள் ஒரு ஆன்டெனா... பெய்யுது பார் அண்டத்து மழை!

‘மொபைலில் ரெண்டு கோடு சிக்னல்கூட இல்லை’ என்று புலம்புகிற ஆளா நீங்கள்? சிக்னலே இல்லாத ஊரைத் தேடிப் பிடித்து, பூமியின் கடைக்கோடிக்குப் போய் ஆன்டெனா நடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் காத்திருப்பது, ஒரு நொடியைப் பத்து கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்துக்கு மட்டும் வந்துபோகிற ஒரு ‘டிக்’ சத்தத்துக்காக!

மக்களே, கையை நீட்டி உள்ளங்கையை வானம் பார்த்து விரியுங்கள். ஒண்ணு... ரெண்டு... மூணு... அவ்வளவுதான். நீங்கள் எண்ணி முடிப்பதற்குள் ரெண்டு, மூணு ‘மியூவான்’கள் உங்கள் கையைத் துளைத்துக்கொண்டு தரைக்குள் போயாச்சு. வலிச்சுதா? வலிக்காது. இது நீங்கள் பிறந்த நாளிலிருந்து நடந்துகொண்டே இருக்கிற சமாச்சாரம். தூங்கும்போதும், அரியர் எழுதும்போதும், கேன்டீனில் கடன் சொல்லும்போதும் இந்த மழை உங்கள் மேல் பெய்துகொண்டேதான் இருக்கிறது.

எங்கிருந்து வருது இந்த மழை? மேகத்திலிருந்து இல்லை பாஸ்... அண்டத்திலிருந்து!

பலூன் ஏறிய வாத்தியார்

1900-களின் ஆரம்பத்தில் விஞ்ஞானிகளுக்கு ஒரு தலைவலி. காற்றில் எப்போதும் கொஞ்சம் மின்னூட்டம் இருந்துகொண்டே இருந்தது. ‘எல்லாம் பூமிக்குள் இருக்கும் கதிரியக்கப் பாறைகளின் வேலை’ என்று நினைத்தார்கள். அப்படியானால் உயரே போகப் போக அது குறைய வேண்டும் இல்லையா? 1910-ல் தியோடோர் வுல்ஃப் என்பவர் கருவியைத் தூக்கிக்கொண்டு பாரிஸின் ஈஃபில் டவர் மேலேயே ஏறிப் பார்த்துவிட்டார். எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை!

1912 ஆகஸ்ட் 7-ம் தேதி. ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ், ஹைட்ரஜன் பலூனில் ஏறி 5 கிலோமீட்டருக்கும் மேலே போனார். ஆக்சிஜன் குறைகிற உயரம் அது. அங்கே கருவி காட்டிய அளவு, தரையில் இருந்ததைவிட அதிகம். ஆக, கதிர்வீச்சு வருவது கீழேயிருந்து இல்லை... மேலேயிருந்து! அந்தப் பலூன் பயணம் ஹெஸ்ஸுக்கு 1936-ல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது. ‘காஸ்மிக் கதிர்’ என்று நாம் சொல்வது இதைத்தான். ‘கதிர்’ என்பது பெயரில் மட்டும்தான். உண்மையில் அவை புரோட்டான், ஹீலியம் கரு, இரும்புக் கரு போன்ற துகள்கள்.

அடுத்த சீன், 1938. பிரான்ஸின் பியர் ஓஜே, இரண்டு மூன்று கருவிகளைத் தள்ளித் தள்ளி வைத்தார். பல மீட்டர் இடைவெளி இருந்தும் அவை ஒரே நொடியில் ‘டிக்’ அடித்தன. ஒரே ஒரு துகள் மேலே காற்றில் மோதி, அது சில துகள்களாக உடைந்து, அவை மறுபடி மோதி, மறுபடி உடைந்து... கடைசியில் ஒரு பெரிய துகள் கூட்டமே தரையில் வந்து கொட்டுகிறது என்பது அப்போது புரிந்தது. இதுதான் ‘ஏர் ஷவர்’. தமிழில் துகள் மழை என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஒன்று பலவாகப் பெருகுவதற்கான கணக்கை 1937-லேயே போட்டு வைத்திருந்தவர்களில் ஒருவர், நம்ம ஹோமி பாபா!

தெரு கிரிக்கெட் வேகத்தில் ஒரு புரோட்டான்

இந்தத் துகள்களில் சில செம முரட்டுப் பயல்கள். 1991 அக்டோபர் 15-ம் தேதி அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் சிக்கிய ஒன்றின் ஆற்றல், 3-க்குப் பின்னால் 20 சைபர் போட்டால் வரும் எலெக்ட்ரான் வோல்ட். புரியும்படி சொன்னால், ஒரு டென்னிஸ் பந்தை மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் என்ன ஆற்றலோ, கிட்டத்தட்ட அவ்வளவு. பந்தில் இருப்பது கோடானுகோடி அணுக்கள். இங்கே அத்தனை ஆற்றலும் ஒரே ஒரு அணுக்கருவுக்குள்! 2021 மே 27-ல் இதே யூட்டாவில் கிட்டத்தட்ட அதே சைஸில் இன்னொன்று வந்தது. ஜப்பானிய சூரியக் கடவுளின் பெயரையே வைத்து ‘அமதேராசு’ என்று அழைக்கிறார்கள்.

இவற்றை இந்த வேகத்துக்கு முடுக்கிவிட்டது யார்? பெரிய பெரிய கருந்துளைகளா, வெடிக்கும் நட்சத்திரங்களா? இன்றுவரை பதில் இல்லை. இரண்டு சிக்கல்கள் குறுக்கே நிற்கின்றன.

முதல் சிக்கல், இவை வருவது ரொம்ப அபூர்வம். இந்த உச்ச ஆற்றல் துகள், ஒரு சதுர கிலோமீட்டருக்கு நூறு வருஷத்தில் ஒன்று என்ற கணக்கில்தான் வரும். உங்கள் காலேஜ் கிரவுண்டில் கருவி வைத்துவிட்டுக் காத்திருந்தால் உங்கள் பேரனுக்கும் கிடைக்காது! அதனால்தான் அர்ஜென்டினாவில் ‘பியர் ஓஜே’ ஆய்வகத்தை 3,000 சதுர கிலோமீட்டரில் பரப்பி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல், இவற்றுக்கு மின்னூட்டம் உண்டு. வரும் வழியில் விண்வெளியின் காந்தப்புலம் இவற்றை வளைத்து வளைத்து அனுப்புகிறது. கடைசியில் எந்தத் திசையிலிருந்து வந்ததோ, அந்தத் திசையில் அதன் சொந்த ஊர் இருக்காது. ‘ஃப்ரம் அட்ரஸ்’ அழிந்துபோன தபால் மாதிரி.

அட்ரஸ் அழியாத தபால்

இங்கேதான் ஹீரோ என்ட்ரி... நியூட்ரினோ!

மின்னூட்டம் கிடையாது. எடை ரொம்ப ரொம்பக் கம்மி. எந்தக் காந்தத்துக்கும் வளையாது. கிளம்பிய இடத்திலிருந்து நேர்கோட்டில் வரும். இந்த முரட்டு காஸ்மிக் கதிர்கள் விண்வெளி முழுக்க நிறைந்திருக்கும் மைக்ரோவேவ் ஒளியில் மோதும்போதும் நியூட்ரினோக்கள் பிறக்க வேண்டும் என்கிறது கணக்கு. அவற்றைப் பிடித்தால் அண்டத்தின் முரட்டு முடுக்கிகள் எங்கே என்று அட்ரஸோடு தெரிந்துவிடும்.

ஆனால், நியூட்ரினோ எதிலும் மோதாமல் நழுவுவதில் கில்லாடி. அதைப் பிடிக்க ராட்சத சைஸில் ஒரு பொருள் வேண்டும். தென் துருவத்தில் இருக்கும் ‘ஐஸ்கியூப்’ இப்படித்தான் வந்தது. ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள், சுமார் ஒன்றரை கிலோமீட்டரிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் ஆழம் வரை, 86 கயிறுகளில் 5,160 ஒளி உணரிகளைத் தொங்கவிட்டு, 2010 டிசம்பரில் முடித்தார்கள். வெளி அண்டத்திலிருந்து வந்த அதிக ஆற்றல் நியூட்ரினோக்களை 2013-ல் அறிவித்து அசத்தினார்கள்.

ஆனால் உச்ச ஆற்றல் நியூட்ரினோவுக்கு ஒரு கன கிலோமீட்டர் எல்லாம் ஜுஜுபி. நூறு மடங்கு வேண்டும். பனிக்குள் ஒளி நூற்றுச் சொச்சம் மீட்டருக்குள் மங்கிவிடும் என்பதால் உணரிகளை நெருக்கமாக வைக்க வேண்டும். அந்தக் கணக்கில் நூறு மடங்கு என்றால் பட்ஜெட் கிழிந்துவிடும்.

ரேடியோ அலையோ, உறைந்து கிடக்கும் துருவப் பனிக்குள் சுமார் ஒரு கிலோமீட்டர் வரை அசராமல் ஓடும். ஆன்டெனாக்களைத் தூரம் தூரமாக நட்டால் போதும். செலவு மிச்சம்! சரி... துகளுக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம்?

எல்லோரும் சேர்ந்து வடம் பிடித்தால்...

இரண்டு வழிகளில் துகள் மழை ரேடியோ ஒலிபரப்பு செய்கிறது.

வழி ஒன்று: மழையில் எலெக்ட்ரான்களும் அதன் எதிர்ச் சகோதரன் பாசிட்ரான்களும் கலந்து வருகின்றன. பூமியின் காந்தப்புலம் ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் தள்ளுகிறது. எதிர் மின்னூட்டங்கள் எதிர்த் திசையில் ஓடினால் என்ன அர்த்தம்? பிளஸ் டூ பிசிக்ஸை ஞாபகப்படுத்துங்கள்... மின்னோட்டம்! மழை வளர்ந்து தேயும்போது அந்த மின்னோட்டமும் ஏறி இறங்குகிறது. மின்னோட்டம் மாறினால் ரேடியோ அலை பிறக்கும். காற்றில் பெய்யும் மழையில் இதுதான் மெயின் மேட்டர்.

வழி இரண்டு: 1962-ல் சோவியத் விஞ்ஞானி குர்கன் அஸ்கார்யன் சொன்னது. மழை ஒரு பொருளுக்குள் பாயும்போது, வழியில் இருக்கும் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைத் தட்டிப் பறித்துக்கொண்டு போகிறது. பாசிட்ரான்களோ எதிரே வரும் எலெக்ட்ரானோடு சேர்ந்து காணாமல் போகின்றன. விளைவு, கூட்டத்தில் எலெக்ட்ரான்கள் சுமார் 20 சதவிகிதம் அதிகமாகிவிடுகின்றன. இந்த மைனஸ் மூட்டை பனியில் ரேடியோ அலையின் வேகத்தைத் தாண்டி ஓடும்போது ஒரு ரேடியோ துடிப்பு வெடிக்கிறது. பனி போன்ற அடர்த்தியான பொருளில் மழை சில மீட்டருக்குள் முடிந்துவிடுவதால், காந்தப்புலத்துக்கு வேலை செய்ய நேரமில்லை. அங்கே அஸ்கார்யன்தான் ராஜா.

இதில் ஒரு சூப்பர் விஷயம் இருக்கிறது. தேர்த் திருவிழா பார்த்திருப்பீர்கள். நூறு பேர் வடம் பிடித்து ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ‘ஹோய்’ என்று ஒரே நேரத்தில் இழுத்தால் நகரும். துகள் கூட்டத்தின் அளவைவிட அலைநீளம் பெரிதாக இருந்தால், எல்லாத் துகள்களும் ஒரே நேரத்தில் இழுத்த மாதிரி அலைகள் ஒன்றுசேரும். அப்போது துகள்கள் இரண்டு மடங்கானால் ரேடியோவின் திறன் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு! உச்ச ஆற்றல் மழையில் ஆயிரக்கணக்கான கோடித் துகள்கள் இருக்கும். அவை சேர்ந்து வடம் பிடித்தால் சும்மாவா?

டிரான்சிஸ்டர் காலத்து ஐடியா

இதெல்லாம் புதுசு இல்லை. 1965-லேயே இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்கில் ஜெல்லி குழுவினர் 44 மெகாஹெர்ட்ஸில் துகள் மழையின் ரேடியோ துடிப்பைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கால எலெக்ட்ரானிக்ஸ் இதற்குத் தாங்கவில்லை. சில பத்து நானோ செகண்டுகளே நீடிக்கிற துடிப்பை அலை வடிவத்தோடு பதிவு செய்ய முடியாது. கூடவே எஃப்.எம்., டி.வி. என்று ஊரே ரேடியோ சத்தம். கொஞ்ச வருஷத்தில் பெரும்பாலானோர் கடையைக் கட்டிவிட்டார்கள்.

2000-க்குப் பிறகு நிலைமை மாறியது. வேகமான டிஜிட்டல் சிப்கள் மலிவாகக் கிடைத்தன. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ‘லோப்பஸ்’ ஆன்டெனாக்கள் 2005-ல் இந்த ஐடியாவுக்கு மறுபடி உயிர் கொடுத்தன. அஸ்கார்யன் சொன்னதும் சும்மா இல்லை. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் துகள் கற்றையை மணலுக்குள் செலுத்தி நிரூபித்தார்கள். 2006-ல் அதே இடத்தில் ஏழரை டன் பனிக்கட்டியை அடுக்கி, அதற்குள் செலுத்தி, ரேடியோ துடிப்பைப் பார்த்தார்கள். லேபில் பாஸ். இயற்கையில்? அதுதான் மில்லியன் டாலர் கேள்வி.

ஏனென்றால் உச்ச ஆற்றல் நியூட்ரினோ ஒன்றுகூட ரேடியோவில் சிக்கவில்லை. 2023 பிப்ரவரியில் மத்தியதரைக் கடலுக்கு அடியில் ஒரு சாதனை நியூட்ரினோ பிடிபட்டதே, அதுகூட ஒளியை வைத்துப் பிடித்ததுதான். யோசித்துப் பாருங்கள். ஒரு கருவியைக் கட்டி, ஆளே வராத பனியில் புதைத்து, வருஷக்கணக்கில் காத்திருக்கிறீர்கள். ஒன்றும் வரவில்லை. நியூட்ரினோ உண்மையிலேயே வரவில்லையா, இல்லை உங்கள் கருவிக்குக் காது கேட்கவில்லையா? எப்படித் தெரிஞ்சுக்குவீங்க? இந்தக் கேள்விக்குப் பலரின் மொத்த வேலை வாழ்க்கையும் பணயம்.

பதில் தந்தது, அவர்கள் தேடாத காஸ்மிக் கதிர்தான்!

ஒரு காதை மூடிக்கொண்ட பலூன்

‘அனிட்டா’ என்று ஒரு பலூன். அன்டார்க்டிகாவின் மக்மர்டோ தளத்திலிருந்து கிளப்பி, சுமார் 37 கிலோமீட்டர் உயரத்தில் கண்டத்தைச் சுற்றவிட்டார்கள். அந்த உயரத்திலிருந்து 15 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி ஒரே நேரத்தில் ‘கண்ணில்’ படும். 2006-07-ல் முதல் பயணம், 32 ஆன்டெனாக்கள். குறி, பனிக்குள்ளிருந்து வரும் நியூட்ரினோ துடிப்பு. அது பெரும்பாலும் செங்குத்தாக அதிரும் அலை.

டேட்டாவை அலசியபோது நியூட்ரினோ இல்லை. ஆனால் கிடைமட்டமாக அதிரும் 16 துடிப்புகள் பல்லைக் காட்டின! யோசித்துப் பார்த்தால்... துருவத்தில் பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்ட செங்குத்து. சாய்வாக வரும் துகள் மழையை அது பக்கவாட்டில்தான் தள்ளும். அப்போது அலை கிடைமட்டமாகத்தான் அதிரும். ஆக, இவை காஸ்மிக் கதிர்கள்! 14 துடிப்புகள் பனித் தரையில் பட்டு எதிரொலித்து பலூனுக்கு வந்தவை. இரண்டு மட்டும் தரையைத் தொடாமல் நேராக வந்தவை. 2010-ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

சோகம் என்ன தெரியுமா? அதற்குள் 2008-09-ல் இரண்டாவது அனிட்டா பறந்து முடித்துவிட்டது. அதில் நியூட்ரினோவைக் கூர்மையாகக் கேட்பதற்காக, செங்குத்து அலையை மட்டும் கவனிக்கும்படி டிரிக்கரை மாற்றிவிட்டிருந்தார்கள். அதாவது, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பறந்திருக்கிறது! அதனால் அந்தப் பயணத்தில் சிக்கிய காஸ்மிக் கதிர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். 2014-15-ல் பறந்த மூன்றாவது அனிட்டாவில் இரண்டு காதுகளையும் திறந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு வதந்தியையும் பார்த்துவிடலாம். 2020 மே மாதம் ‘அன்டார்க்டிகாவில் இணை பிரபஞ்சம் கண்டுபிடிப்பு! அங்கே காலம் பின்னோக்கி ஓடுகிறது!’ என்று உலகப் பத்திரிகைகள் சில அலறியது ஞாபகம் இருக்கா? அதன் மூலம் இந்த அனிட்டாதான். எதிரொலித்து வரும் துடிப்பு தலைகீழாக இருக்கும். ஆனால் முதல் பயணத்தில் ஒன்றும், மூன்றாவது பயணத்தில் ஒன்றும் பனிக்குள்ளிருந்து செங்குத்தான கோணத்தில் மேலே வந்தும், தலைகீழாக இல்லை. பூமியைப் பல ஆயிரம் கிலோமீட்டர் துளைத்துக்கொண்டு வந்த மாதிரி ஒரு தோற்றம். ஐஸ்கியூப் தேடிப் பார்த்தது, பொருத்தமாக ஒன்றும் சிக்கவில்லை. பியர் ஓஜே ஆய்வகமும் தன் டேட்டாவை அலசி, அந்த மாதிரி மேல்நோக்கிய மழை தன்னிடம் இல்லை என்று 2025-ல் சொல்லிவிட்டது. அந்த இரண்டு துடிப்புகளுக்கு இன்னும் முழு விளக்கம் கிடைக்கவில்லை. ஆனால் இணை பிரபஞ்சம்? அது டுபாக்கூர் தலைப்பு.

மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு வந்த மவுசு

அன்டார்க்டிகாவின் ராஸ் பனித்திட்டில் ‘அரியானா’ என்ற குழு வேறு வழியில் போனது. அவர்கள் பனியில் புதைத்த ஆன்டெனாவைப் பார்த்தால் சிரிப்பீர்கள். தூர்தர்ஷன் காலத்தில் மொட்டைமாடியில் மீன்முள் மாதிரி நின்றதே, அதன் சித்தப்பா பையன்! பெயர், லாக் பீரியாடிக் டைபோல். ஈ.சி.இ. மக்களுக்கு ஆன்டெனா பேப்பரில் வரும் அதே ஐட்டம்தான். சில ஆன்டெனாக்கள் கீழே பனியைப் பார்க்கும், நியூட்ரினோவுக்காக. சில மேலே வானத்தைப் பார்க்கும், காஸ்மிக் கதிருக்காக. கோடையில் சோலார் பேனல்தான் சோறு போடும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே கிடையாது, கருவியும் தூங்கிவிடும்.

அங்கே 38 காஸ்மிக் கதிர் துடிப்புகளை 2017-ல் கணக்குக் காட்டினார்கள். பக்கத்தில் வேறு கருவி எதுவும் ‘இதோ மழை வருது’ என்று சொல்லித் தரவில்லை. ஆன்டெனாவே கேட்டு, ஆன்டெனாவே முடிவெடுத்தது. துடிப்பின் வடிவம், எண்ணிக்கை எல்லாம் கம்ப்யூட்டர் கணக்கோடு பொருந்தியது.

தென் துருவத்தில் ஐஸ்கியூப்புக்கு மேலேயே ‘ஐஸ்டாப்’ இருக்கிறது. 162 தொட்டிகளில் நீரை உறையவைத்து, துகள் மழையைப் பார்க்கும் ஏற்பாடு. 2020-ல் அதே இடத்தில் 3 ரேடியோ ஆன்டெனாக்களும் 8 ஒளிர்வு உணரிகளும் கொண்ட மாதிரி நிலையத்தை நிறுத்தினார்கள். தொட்டியும் ஆன்டெனாவும் ஒரே மழையைச் சேர்ந்து பார்த்தால், வந்தது லேசான புரோட்டானா, கனமான இரும்புக் கருவா என்று இன்னும் தெளிவாகப் பிரித்துச் சொல்லலாம்.

சத்தம் போடுறது யாரு?

‘ஆளில்லாத பனி, அமைதியா இருக்கும்’ என்று நினைத்தால் தப்பு. ஆன்டெனாவின் எதிரிகள் லிஸ்ட் இதோ:

* பால்வீதி: நம்ம கேலக்ஸியே ‘ஸ்ஸ்ஸ்’ என்று ரேடியோவில் இரைந்துகொண்டிருக்கிறது. இதை நிறுத்த முடியாது. அதனால் புத்திசாலித்தனமாக, அந்த இரைச்சலை வைத்தே ஆன்டெனாவின் அளவைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.
* மனுஷன்: விமானம், வாக்கி டாக்கி, வானிலை பலூன். ஆய்வு நிலையம் இருந்தாலே சத்தமும் இருக்கும்.
* காற்று: காய்ந்த தலையில் சீப்பை இழுத்தால் பேப்பர் ஒட்டுமே, அதே கதை. வேகமான காற்று பனித்தூளை உரசும்போது மின்னூட்டம் சேர்ந்து, குட்டிக் குட்டி ரேடியோ துடிப்புகள் கிளம்புகின்றன. பார்க்க நிஜ சிக்னல் மாதிரியே இருக்கும், ஏமாத்துக்காரப் பயல்!
* கருவியே: பெருக்கி தரும் வெப்ப இரைச்சல். ஒரு ஆன்டெனா ‘வந்துச்சு’ என்றால் நம்பக் கூடாது. பல ஆன்டெனாக்கள் சரியான நேர இடைவெளியில் ஒரே குரலில் சொன்னால்தான் பதிவு.

கடைசிப் பிரச்னைக்கு ஒரு வழி, ‘ஃபேஸ்டு அர்ரே’. பல ஆன்டெனாக்களின் சிக்னலை, அவற்றின் இடைவெளிக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சம் தாமதப்படுத்திக் கூட்டினால், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், நிஜத் துடிப்பு நிமிர்ந்து நிற்கும். மறுபடியும் அதே வடம் பிடிக்கும் தத்துவம்தான்.

தேடாமல் கிடைத்த 13

கதையின் கிளைமாக்ஸ் இங்கேதான். தென் துருவத்தில் ‘ஆரா’ என்ற ஆன்டெனாக் கூட்டம் இருக்கிறது. அஸ்கார்யனின் பெயரையே வைத்திருக்கிறார்கள். 200 மீட்டர் ஆழம் வரை துளை போட்டு ஆன்டெனாவை இறக்கியவர்கள். அதில் ஒரு நிலையத்தில் ஃபேஸ்டு அர்ரேயும் உண்டு. அதன் 208 நாள் டேட்டாவில் நியூட்ரினோவைத் தேடினார்கள். தேடல் நடந்தபோது, பனியின் மேற்பரப்புக்குக் கீழேயிருந்து வந்த 13 துடிப்புகள் தற்செயலாகத் தட்டுப்பட்டன.

நியூட்ரினோவா? அவசரப்படவில்லை. தென் துருவம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2.8 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் துகள் மழையின் நடுப்பகுதி முழுசாகத் தேய்ந்து முடிவதற்குள் பனியில் வந்து இடித்துவிடும். இடித்த பிறகு பனிக்குள் மழை தொடரும். தொடர்ந்தால் அஸ்கார்யன் துடிப்பு வரும்! துடிப்பு வந்த திசை, அலை அதிர்ந்த விதம், வடிவம், எண்ணிக்கை என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். எல்லாமே காஸ்மிக் கதிர் மழை பனிக்குள் போட்ட துடிப்போடு பொருந்தின. காற்றில் காந்தப்புலம் உண்டாக்கும் ரேடியோவோடு பொருந்தவில்லை. வெறும் இரைச்சல் தற்செயலாக இப்படி அமைய வாய்ப்பு, பல லட்சத்தில் ஒன்றுகூட இல்லை.

2025-ல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். அஸ்கார்யன் சொல்லி 63 வருஷம் கழித்து, லேபுக்கு வெளியே, இயற்கையான பனிப்பாளத்துக்குள் அந்தத் துடிப்புக்குக் கிடைத்த முதல் ஆதாரம்! ‘காது கேட்குதா, இல்லையா?’ என்ற கேள்விக்கு இனி பதில் சொல்லலாம். கேட்குது. தாராளமா கேட்குது.

ஆனால் இதில் ஒரு வில்லங்கமும் சேர்ந்தே வருகிறது. பனிக்குள் காஸ்மிக் கதிர் போடும் துடிப்பும், நியூட்ரினோ போடப்போகும் துடிப்பும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். நாளைக்கே ஒரு துடிப்பு வந்து, ‘நியூட்ரினோ!’ என்று கத்தினால், ‘காஸ்மிக் கதிர் இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?’ என்ற கேள்வி முதல் ஆளாக வந்து நிற்கும். அதற்கு பதில் வேண்டும் என்றால், மேலே வானத்தைப் பார்க்கும் காவல்கார ஆன்டெனாக்கள் வேண்டும்.

கிரீன்லாந்தில் இப்போ...

அந்தக் காவல் ஏற்பாட்டோடுதான் வட துருவப் பக்கம் வேலை நடக்கிறது. கிரீன்லாந்தின் ‘சம்மிட்’ நிலையத்தில், 3 கிலோமீட்டர் தடிமனான பனிக்கு மேலே, ‘ஆர்.என்.ஓ.-ஜி’ என்ற திட்டம் 2021-ல் 3 நிலையங்களோடு ஆரம்பித்தது. 2022-ல் 7 ஆனது. இலக்கு 35. ஒவ்வொன்றிலும் 24 ஆன்டெனாக்கள். சில 100 மீட்டர் ஆழத்தில், சில மேல்மட்டத்தில், அவற்றில் சில வானத்தைப் பார்த்தபடி. நிலையங்களுக்கு நம்பர் மட்டும் கொடுத்துச் சும்மா விடவில்லை, கிரீன்லாந்து மொழியில் அந்த ஊர் உயிரினங்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். ஒரு நிலையம் சாப்பிடும் மின்சாரம், பழைய 40 வாட்ஸ் குண்டு பல்பைவிடக் குறைவு. டேட்டாவை அனுப்ப, செல்போன் டவர் டெக்னாலஜியிலேயே தனி நெட்வொர்க். ஆக, சிக்னல் இல்லாத ஊரைத் தேடிப் போனவர்கள் அங்கே ஒரு டவரையும் நட்டுவிட்டார்கள்!

வானத்திலும் வாரிசு ரெடி. அனிட்டாவின் அடுத்த தலைமுறை பலூனான ‘புவேயோ’வை 2021-ல் நாசா தேர்ந்தெடுத்தது. அது ஃபேஸ்டு அர்ரே டிரிக்கரோடு வடிவமைக்கப்பட்டது. பெயர், ஹவாய் தீவின் ஆந்தையுடையது. இருட்டில் சின்னச் சத்தம் கேட்க ஆந்தையை விட்டால் யார்?

ஊட்டிக்குப் போனால்...

இதெல்லாம் பனி தேசத்து சமாச்சாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஏர் ஷவரைப் பிடிப்பதில் நம்ம ஊட்டி பழைய கை. டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் ஜப்பான் விஞ்ஞானிகளும் சேர்ந்து நடத்தும் ‘கிரேப்ஸ்-3’ அங்கேதான் இருக்கிறது. சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், 400 உணரிகளும் 560 சதுர மீட்டர் மியூவான் கருவியும். இங்கே ரேடியோ ஆன்டெனா இல்லை, துகளை நேரடியாகவே எண்ணுகிறார்கள். 2014 டிசம்பர் 1-ம் தேதி ஊட்டி மேல் வந்த ஒரு இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததை, மியூவான்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே கணக்குப் போட்டு 2019-ல் உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தவர்கள் இவர்கள். அடுத்த தடவை ஊட்டி டூர் போகும்போது, போட் ஹவுஸுக்கு முன்னால் நின்று போட்டோ எடுக்கும் அந்த நொடியிலும் உங்களை யாரோ துளைத்துப் போகிறார்கள், யாரோ பக்கத்திலேயே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு சங்கதி. இந்த வேலையில் பிசிக்ஸ் ஆட்களுக்கு மட்டும்தான் இடம் என்று நினைக்காதீர்கள். மைனஸ் குளிரில் செயலிழக்காத பேட்டரி எலெக்ட்ரிக்கல் ஆட்களின் தலைவலி. நூறு மீட்டர் துளை போடும் டிரில் மெக்கானிக்கல் ஆட்களின் பிழைப்பு. பெருக்கி, ஃபில்டர், டிரிக்கர் எல்லாம் ஈ.சி.இ. கோடிக்கணக்கான இரைச்சல் துடிப்புகளில் ஒரு நிஜத்தைச் சலித்தெடுக்கும் புரோகிராம் கம்ப்யூட்டர் சயின்ஸ். ‘இதெல்லாம் படிச்சு எங்கே யூஸ் பண்ணப் போறோம்?’ என்று கடைசி பெஞ்சில் கேட்கிறோமே, அதற்கு ஒரு பதில் பனிக்குள் புதைந்து கிடக்கிறது.

ரேடியோவில் முதல் நியூட்ரினோ இன்னும் வரவில்லை. நாளைக்கு வரலாம், பத்து வருஷம் கழித்து வரலாம். வந்தால், அந்தத் துடிப்பு சில நானோ செகண்டுகளில் முடிந்துவிடும். அது காஸ்மிக் கதிர் இல்லை என்று நிரூபிக்க மாதக்கணக்கில் ராத்திரி கண் முழித்து யாராவது டேட்டாவைப் பார்க்க வேண்டும். ஆள் தேவைப்படும் பாஸ். அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ் இல்லாமல் டிகிரியை முடித்துவிட்டு வாருங்கள்!